அறையில் வேறு யாரும் இல்லை

ஊரடங்குக் காலத்தில் பாளையங்கோட்டையில், ஒரு மொட்டைமாடி அறையில் மாடசாமி, பிலவேந்திரன், சையது என்று மூன்று பேர் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார்கள். படித்தார்கள் என்பது அவர்களே சொன்னது. ஆன்லைன் வகுப்பில் மாடசாமிக்குப் பரம சந்தோஷம், குளிக்க வேண்டியதில்லை. பிலவேந்திரனுக்கு வருத்தம், கேன்டீன் வடை கிடையாது. சையதுக்குப் பயம் ஒன்றுதான். பட்டம் வாங்கினால்தான் பெண் என்று மாமா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் எஸ்தர் மேடம் பாடம் நடத்தும்போது இரண்டு தடவை இருமிவிட்டார். மூவரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு போனுக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்தார்கள். வகுப்பு முடிந்ததும் போனுக்கு ஆவி பிடித்தார்கள். மறுநாள் மேடத்தின் குரல் கரகரவென்று வந்தது.

“பாத்தியால, மேடத்துக்கு முத்திப்போச்சு” என்றான் மாடசாமி.

“நாம ஆவி பிடிச்சதாலதான் இந்த மட்டுக்காவது பேசுதாவ” என்றான் சையது.

இப்படியே கடைசித் தேர்வும் வந்தது. கேள்வித்தாள் போனில் வரும். தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “கேமரா ஆன்ல இருக்கணும். நீங்க எழுதுற ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது. இருந்தா பேப்பர் செல்லாது.”

மூலைக்கு ஒருவராக, போனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். வந்ததெல்லாம் தெரிந்த கேள்விகள். பேனாவைத் திறந்த சையது எழுதாமல் நிமிர்ந்து பார்த்தான்.

“ஏலே, எனக்கு நீங்க ரெண்டு பேரும் வேற ஆளுல்லா?”

“ஆமா. எனக்கு நீயும் மாடசாமியும் வேற ஆளு” என்றான் பிலவேந்திரன்.

“என்னால நீங்க கெட வேண்டாம்ல” என்று கண்கலங்கி மாடசாமி வெளியே போனான். அதைப் பார்த்து வெட்கப்பட்டுப் பிலவேந்திரனும் போனான். தனியே இருந்த சையது மற்ற இரண்டு போன்களையும் பார்த்தான். அவற்றில் தன் முகம் தெரிந்தால் நண்பர்கள் கதி என்ன? கல்யாணத்தை நினைத்து ஒரு மூச்சு அழுதுவிட்டு அவனும் வெளியேறினான்.

மூன்று மணி நேரம் மூவரும் மாடி வெயிலில் நின்றார்கள். நேரம் முடிந்து உள்ளே வந்ததும் சையது அலறினான்.

“மூணு பேப்பரும் ஒண்ணுபோல வெள்ளையா இருக்குலே! காப்பியடிச்சோம்னு சொல்லிருவாவளே!”

பிலவேந்திரன் நெடுநேரம் யோசித்தான்.

“பதறாத. மாடசாமி முதல் கேள்வியிலேருந்து எழுதல. நான் கடைசிக் கேள்வியிலேருந்து எழுதல. நீ நடுவுலேருந்து எழுதாம விட்டுரு. எப்படிக் கண்டுபிடிப்பாவ?”

சையதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் வகுப்பில் தேறினால் மாமா இன்னும் சந்தோஷப்படுவார் என்று, நான்கு அடிஷனல் ஷீட்டும் சேர்த்து அனுப்பினான்.