உள்பக்கத் தாழ்ப்பாள்

மாவு மில்லுக்கு மேல் மாடியில் ஜெசிந்தா வகுப்பு நடத்தினாள். பெங்களூரில் தங்கி வீட்டு வேலை பார்க்கப் போகிற பெண்களுக்கு இருபது நாள் இங்கிலீஷ். அவளே பதினொரு வருஷம் அங்கே நாலு வீடுகளில் வேலை பார்த்தவள்தான். வயது முப்பத்திரண்டு. படிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். அவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். அவள் அவர்களை அக்கா என்பாள்.

கடைசி நாள் வகுப்பு முடிந்தும் பூங்காவனம் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மடியில் ஏஜெண்டு கொடுத்த ரெண்டு தாள், வீட்டுக்கு ஒன்றாக.

"என்னக்கா, எல்லாரும் பஸ்ஸுக்குப் போயாச்சு."

"அஞ்சு மணிக்குள்ள எந்த வீடுன்னு சொல்லணுமாம் டீச்சர். சொல்லலேன்னா ரெண்டுக்கும் வேற ஆளைப் போட்டுருவேன்னுட்டாரு ஏஜெண்டு."

பலகையில் அன்றைய பாடம் அழிக்காமல் இருந்தது. சர்வண்ட். மெய்ட். ஹெல்பர். ஹவுஸ்கீப்பர். டொமஸ்டிக் வொர்க்கர்.

பூங்காவனம் அதையே பார்த்தாள்.

"இதுல எது டீச்சர் ஒசத்தி?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு தாள்ல சர்வண்ட்டுன்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல, எங்க ஃபேமிலில ஒருத்தி மாதிரி வச்சுக்குவோம்னு போட்டிருக்கு. சம்பளம் ரெண்டும் ஒண்ணுதான். மக வீட்டுச் சம்பந்தியம்மா கேட்டா, ஃபேமிலி மாதிரி இருக்கேன்னு சொல்லிக்கலாம் பாருங்க. இருபது வருஷமா வேலை செஞ்ச எடத்துல எல்லாம் என்னை 'ஏ, இந்தா'ன்னுதான் கூப்பிட்டிருக்காங்க. அலுத்துப்போச்சு டீச்சர்."

ஜெசிந்தா ஈரத்துணியை எடுத்தாள். அஞ்சு சொல்லையும் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் துடைத்தாள்.

"கையை நீட்டுங்கக்கா."

உள்ளங்கையில் பேனாவால் தமிழ் எழுத்தில் எழுதினாள். மை ரூம், இன்சைட் லாக், யெஸ் ஆர் நோ?

"என்ன டீச்சர் இது, மருதாணியா?"

"ரெண்டு வீட்டுக்கும் போன் போட்டு இதை மட்டும் கேளுங்க."

"வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே தாழ்ப்பாளைக் கேட்டா, உள்ள எதை ஒளிக்கப் போறாளோன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைக்கட்டும். கேளுங்க."

கீழே மில்லில் மிளகாய் அரைத்தார்கள். ரெண்டு பேரும் தும்மி முடித்த பிறகு போன் போட்டார்கள்.

முதலில் ஃபேமிலி வீடு. பூங்காவனம் கையைப் பார்த்து வாசித்தாள். அந்தம்மா கலகலவென்று சிரித்தார். நிறையப் பேசினார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா தமிழில் சொன்னாள்.

"லாக் எதுக்கு, நீ எங்க வீட்டுப் பொண்ணு இல்லையாங்கறாங்க. ஹால்ல, பிள்ளைங்க ரூம் வாசல்ல நல்ல மெத்தையாப் போட்டுத் தருவாங்களாம். அப்பத்தான் யாரு கூப்பிட்டாலும் உங்க காதுல விழுமாம்."

அடுத்து சர்வண்ட் வீடு. எடுத்தவர் வயசானவர், வெடுவெடுத்த குரல்.

"யெஸ். ஸ்மால் ரூம். லாக் இருக்கு. நைன் ஓ கிளாக் ஒர்க் ஃபினிஷ். டூ டாக்ஸ், டெய்லி வாக்கிங்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

"நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கலையே டீச்சர்."

"ஆமா."

"நாய் வேற ரெண்டாம்."

"ஆமாக்கா. நாயோட கஷ்டம்தான்."

பூங்காவனம் ரெண்டு தாளையும் பெஞ்சில் வைத்தாள். சர்வண்ட் தாளை அடியில் வைத்தாள்.

"நீங்க எந்த வீட்டுல டீச்சர் ரொம்ப நாள் இருந்தீங்க?"

"மூணாவது வீட்டுல. அஞ்சு வருஷம். என்னை மகளேன்னுதான் கூப்பிடுவாங்க. ஹால்லதான் படுக்கை. தண்ணி வேணுமா, மகளே. ரிமோட்டைக் காணோமா, மகளே. எனக்கு ஜுரம் அடிச்ச அன்னைக்கும் மகளேன்னுதான் கூப்பிட்டாங்க, தோசை ஊத்த."

ஜெசிந்தா துணியை உதறி ஜன்னலில் காயப்போட்டாள்.

"ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவும் என் வீட்டுக்காரர் தூக்கத்துல செருமினாக்கூட, இதோ வந்துட்டேன்னு எந்திரிச்சு நிக்கிறேன்."

பூங்காவனம் சிரித்தாள். டீச்சர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மணி நாலே முக்கால். பூங்காவனம், அடியில் இருந்த சர்வண்ட் தாளை உருவி எடுத்தாள். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துத் தேய்த்தாள். அச்சு எழுத்து, போகவில்லை.

"இந்தப் பேரு என் மேல இப்படியே இருக்குமே டீச்சர். இதை நான் என்ன பண்ணட்டும்?"

"வேலை முடிஞ்சதும் உள்ள போயித் தாழ்ப்பாளைப் போட்டுக்குங்கக்கா. அந்தப் பேரு வெளியில கெடக்கட்டும்."