முகராத பழம் தின்ற ராஜா

மேகம் வந்து முழங்கால் மடக்கி உட்காரும் உயரத்திலே ஒரு மலை; அந்த மலைக்கு ஒரு ராஜா, மழவேந்தன் என்று பெயர். சரிவெல்லாம் பீச் மரம். பிள்ளைகளே, மரம் நிறையப் பழமிருந்தும் அந்த ராஜா ஒரு நல்ல பழம் தின்றதில்லை என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது அல்லவா? அதுபோல, பிறர் மூக்கும் விரலும் பட்ட பழம் ராஜாவுக்கு ஆகாது என்று அங்கே ஒரு வழக்கம். ஆகவே பழ மணியக்காரர் பூவராகன் கண்ணால் மட்டும் பார்ப்பார். எது மிகச் சிவந்திருக்கிறதோ, அதைக் காம்போடு வெட்டி வெள்ளித்தட்டில் ஏந்தி வருவார்.

ராஜா கடித்தார். கல்! புளிப்பு! "என்ன ஐயா, பழமா புளியங்காயா?" என்றார்.

"பீச்சின் சுபாவமே அதுதான், மகாராஜா" என்றார் பூவராகன்.

மறு ஆண்டும் கடித்தார், கல், புளிப்பு. "சுபாவமே அதுதான், மகாராஜா." அதற்கடுத்த ஆண்டும் கடித்தார், கல், புளிப்பு, அத்தோடு கடைவாய்ப் பல்லும் ஆடிப்போயிற்று!

"இந்த மரத்துக்கு என் மலையில் இனி இடமில்லை. எல்லாவற்றையும் வெட்டிச் சாயுங்கள்!"

ஊரே இடிவிழுந்தாற்போல் நின்றது. அந்தப் பழத்தை விற்றுத்தானே அத்தனை வீட்டிலும் உலை கொதித்தது! தோட்டக்காரி வெள்ளாத்தாள் ஓடிவந்து காலில் விழுந்தாள். "எங்க பிள்ளைங்க வயித்துல கோடாலி போடாதீங்க, சாமி!"

"பல் ஆடியவனுக்குத்தான் வலி தெரியும், போ!" என்றுவிட்டார் ராஜா.

அந்த நேரம் பார்த்து ராஜாவுக்குக் கண்நோவு. வைத்தியர் நந்தியாவட்டைப் பூ வைத்துக் கண்ணைக் கட்டியிருந்தார். மரம் விழும் சத்தத்தையாவது கேட்போம் என்று பல்லக்கில் ஏறினார். வெள்ளாத்தாளும் அழுதுகொண்டே பின்னால் போனாள். பல்லக்கு போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. ஒரு வீட்டருகே வந்ததும் யாரோ மூக்கைப் பிடித்து இழுத்ததுபோல் ஒரு மணம். தேனா? இல்லை. காய்ச்சிய நெய்யா? இல்லை. ரோஜாவா? (ரோஜாவும் பீச்சும் ஒரே குலத்துப் பிள்ளைகள், மூக்கைக் குற்றம் சொல்லாதீர்கள்.)

"நிறுத்துங்கள்! இது யார் வீடு?"

"மணியக்காரர் வீடு, மகாராஜா" என்றார்கள் பல்லக்குத் தூக்கிகள்.

பூவராகன் பதறி ஓடிவந்தார். "அது பன்றிக்கு வைத்த அழுகல், மகாராஜா!"

"அப்படியானால் இன்று என்னையும் பன்றிகளோடு சேர்த்துக்கொள்ளும்!"

தடவித் தடவி உள்ளே போனார் ராஜா. வைக்கோல்மேல் ஒரு பழம் கைக்குத் தட்டுப்பட்டது. காம்படியில் தொட்டால் குழந்தையின் கன்னம்போல் மெல்ல இசைந்தது. கடித்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. ஐயோ! மூச்சே நின்றுவிட்டது அவருக்கு. அடுத்ததை எடுத்தார், வழுவழுவென்று இருந்தது.

"இதென்ன, பீச்சுக்குச் சவரம் செய்திருக்கிறதா?"

"இல்ல, சாமி" என்றாள் வெள்ளாத்தாள். "ஒரே மரத்துல ஏதோ ஒரு கிளை சுணையில்லாமக் காய்க்கும். ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான்."

"என்ன நிறம்?"

"மஞ்சள், சாமி. சிவப்பு வெறும் வெயில் பட்ட கன்னம். காம்படியில பச்சை போய் மஞ்சள் ஏறி, வாசம் வந்தாத்தான் பழம். பச்சையாப் பறிச்சா அப்புறம் மெதுவாகும், ஆனா இனிக்காது."

"அடிப்பாவி, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"உங்களுக்குப் புளிப்புதான் உசுருன்னு மணியக்காரர் சொன்னாரே! உங்க தோட்டத்து மஞ்சளையெல்லாம் பன்றிக்குன்னு அவர்தானே அள்ளிக்கிட்டுப் போனாரு!"

ராஜா கண்கட்டைப் பிய்த்தெறிந்தார். வரிசை வரிசையாக மஞ்சள் பழம். ஒருநாளும் வெள்ளித்தட்டுக்கு வராத நிறம். இவர் வெட்டச் சொன்னது எதை? மரத்தையா, அத்தனை வீட்டு உலையையா?

"கோடாலியைக் கீழே போடுங்கள்!" என்று கத்தினார்.

அன்றுமுதல் பருவந்தோறும் பூவராகன் ஊர் நடுவில் நின்று, மிகச் சிவந்த காயாகப் பார்த்துக் கடிக்க வேண்டும். கடித்தார், ஊர் "எப்படி, மணியக்காரரே?" என்றது, "சுபாவமே அதுதான்" என்றார். மறுமுறை கடித்தார், "சுபாவமே அதுதான்." மூன்றாம் முறை கடித்தபோது பதில் வரவில்லை, பல்தான் வந்தது! ராஜாவோ வழக்கத்தை விட்டொழித்து, மரம் மரமாகத் தாமே முகர்ந்து திரிந்தார்.

பிள்ளைகளே, பீச்சின் சதை தேன். கொட்டைக்குள் இருக்கும் பருப்போ நஞ்சு. நாவில் சதையும் நெஞ்சில் பருப்புமாக நடமாடும் மனிதரும் உண்டு. கன்னத்துச் சிவப்பைக் கண்டு மயங்காதீர்கள். தீர விசாரியாமல் கோடாலியும் எடுக்காதீர்கள். கதையைத் தின்றாயிற்று, கொட்டையைத் துப்பிவிட்டுத் தூங்குங்கள்.