ஒரு கிளை கீழே

புங்க மரத்தடியில் மான்குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. வாத்தியார் ஒரு கருங்குரங்கு. உச்சிக்கிளையில் இலைகளுக்குள் உட்கார்ந்துகொண்டு, புலியைப் பார்த்தால் தான் எப்படிக் கத்துவார், கத்தியதும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்.

கொன்றை என்ற புள்ளிமான் தன் மகன் பூவனைச் சேர்க்க வந்தாள். பூவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாத்தியார் பரீட்சைக்காக ஒரு கத்துக் கத்தினார். மற்ற குட்டிகள் சிட்டாய்ப் பறந்தன. பூவன் பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருந்தான்.

"என் பாடமே சத்தம்தாம்மா. இவன உங்க கூடவே வச்சுக்குங்க" என்றார் வாத்தியார்.

மற்ற தாய்மான்களும் தலையாட்டின. இவனைச் சேர்த்தால் தங்கள் பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடுமாம். தன் பிள்ளை உள்ளே இருந்துவிட்டால் பேசுவது எளிது.

கொன்றை விடவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். வாத்தியார் கத்தும்போது அவருடைய நீள வால் விறைத்து நிற்பதை, காற்றில் இலை விலகிய நேரத்தில் பார்த்துவிட்டாள். ஒரு கிளை கீழே இறங்கி உட்கார்ந்தால் அந்த வாலைப் பார்த்தே பூவன் ஓடுவான் என்று கெஞ்சினாள். வாத்தியார் என்றால் உச்சிக்கிளையில்தான் உட்கார வேண்டும் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொன்றை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "தனியா நிக்கிற குட்டியத்தான்யா புலி பிடிக்கும். கூட்டத்தோட ஓடுற பாடத்த இவன் எங்கிட்ட எப்படிப் படிப்பான்? நான் எத்தன நாளைக்குக் கூடவே நிப்பேன்?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. மரத்தில் இருக்கும் அவரைத் தேடிப் புலி ஒருநாளும் வந்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒரு கிளை கீழே இறங்கி, பூவனையும் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் கடைசி வரிசைக் குட்டிகள் நாலும், தங்களுக்கு இத்தனை நாளும் எதுவும் சரியாகக் கேட்டதில்லை, பக்கத்துக் குட்டியைப் பார்த்துத்தான் ஓடினோம் என்று ஒப்புக்கொண்டன.

மழைக்காலம் தொடங்குமுன் நிஜப் புலியே வந்தது. வாத்தியார் கத்தினார், வால் விறைத்தது. மரத்தடி காலி. தனியாக நின்ற குட்டி ஒன்றுகூட இல்லாததால் புலி வெறும் வாயோடு திரும்பியது.

மேட்டில் நின்ற கொன்றை, ஓடும் கூட்டத்தில் மகனைத் தேடினாள். எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளி, ஒரே மாதிரி வால். எது தன் பிள்ளை என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றுதான் அவள் நிம்மதியாக அழுதாள்.

பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பள்ளிக்கூடம் இருந்தால், இறங்கி வர வேண்டியது பள்ளிக்கூடம்தான்.