மூன்று விரல் இறக்கம்

ஒரு சமயம் கோயம்புத்தூரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் சிவப்புக் கார் ஒன்று ஜாக்கியின் மேல் நின்றிருந்தது. இரண்டே கதவுகள் கொண்ட கூபே கார். நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

காரின் சொந்தக்காரர் யுகேந்திரன். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருக்கு அதில் ஒரு குறை தெரிந்துவிட்டது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிறதாம். சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவரைப் போலக் கார் நிற்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி வருத்தப்பட்டார். காரைத் தாழ்த்த வேண்டுமானால் குட்டையான ஸ்பிரிங் போட வேண்டும். எந்த ஸ்பிரிங் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

மேசையின் மேல் இரண்டு வகை இருந்தன. சாம்பல் நிற ஸ்பிரிங் காரை ஒரு விரல் தாழ்த்தும். மஞ்சள் ஸ்பிரிங் மூன்று விரல் தாழ்த்தும்.

காரின் ஷாக் அப்சார்பர் இந்த இரண்டு ஸ்பிரிங்குகளையும் கவலையோடு பார்த்தது. ஸ்பிரிங் துள்ளும்போது அந்தத் துள்ளலைப் பிடித்து அடக்குவது அதன் வேலை. ஸ்பிரிங் பொருத்தமில்லாமல் போனால் பள்ளத்துக்குப் பள்ளம் அடி வாங்கப்போவது அதுதான். உள்ளே இருக்கும் எண்ணெய் ஒருமுறை கசியத் தொடங்கிவிட்டால் யாரும் அதைச் சரிசெய்ய மாட்டார்கள். கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிடுவார்கள்.

“ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தக் கார் எந்த ரோட்டில் ஓடப்போகிறது?” என்றது ஷாக் அப்சார்பர்.

“போட்டோவில் நான் எப்படி இருப்பேன் தெரியுமா?” என்றது மஞ்சள் ஸ்பிரிங்.

“ரோட்டைக் கேட்டேன்.”

“பக்கவாட்டில் நின்று எடுத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்.”

ஷாக் அப்சார்பர் அதை விட்டுவிட்டுச் சாம்பல் ஸ்பிரிங்கிடம் திரும்பியது. எந்த ரோடு என்று தன்னிடமும் யாரும் சொல்லவில்லை என்றது அது. ஒரு விரல் தாழ்த்தினால் ஷாக் அப்சார்பர் ஏறி இறங்குவதற்குத் தேவையான இடம் மிஞ்சும், தான் அதற்கு மட்டுமே பொறுப்பு என்றும் சொன்னது. இப்படியல்லவா பேச வேண்டும் என்று ஷாக் அப்சார்பருக்கு உயிர் வந்தது.

ஆனால் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது ஷாக் அப்சார்பர் அல்லவே. யுகேந்திரனோடு அவருடைய நண்பர் லோகு வந்திருந்தார். சாம்பல் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது போட்டும் போடாத மாதிரிதான்டா இருக்கும். இதுக்கு நீ சும்மாவே இருந்துக்கலாம்” என்றார்.

மெக்கானிக் சிக்கந்தர் பாய் மஞ்சள் ஸ்பிரிங் வந்த பெட்டியைத் திருப்பிக் காட்டினார். இதைப் போட்டால் ஷாக் அப்சார்பரையும் குட்டையானதாக மாற்ற வேண்டும், பெட்டியிலேயே போட்டிருக்கிறது, பழையது தாங்காது என்றார். ஒரு முறை அல்ல, நான்கு முறை சொன்னார்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க பாய். மொதல்ல வண்டி கீழ எறங்கட்டும்” என்றார் யுகேந்திரன்.

பாய் பெருமூச்சு விட்டபடி ஸ்பேனரை எடுத்தார்.

மாலைக்குள் கார் தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லோகு தரையில் படுத்துக்கூடப் போட்டோ எடுத்தார். புதுக்காருக்குச் செய்வது போலச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். அந்த எலுமிச்சம்பழமே ஷாக் அப்சார்பருக்கு நறுக்கென்று குத்தியது. குந்தி உட்கார்ந்துகொண்டே ஓடு என்று சொன்னது போல இருந்தது அதன் நிலைமை.

“உன்னால்தான் எனக்கு இந்தக் கதி” என்று அது மஞ்சள் ஸ்பிரிங்கைத் திட்டியது.

மஞ்சள் ஸ்பிரிங் இந்த முறை பெருமை பேசவில்லை. “நான் எதை மறைத்தேன்? சமமான ரோடு வேண்டும், குட்டை ஷாக் அப்சார்பர் வேண்டும் என்று என் பெட்டியிலேயே எழுதியிருந்தது. படித்துக் காட்டியவரும் ஒருவர் இருந்தார். இதற்கு மேல் ஒரு ஸ்பிரிங் என்ன செய்ய முடியும்?”

அது உண்மை. அதனாலேயே ஷாக் அப்சார்பருக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

யுகேந்திரனின் தெரு முனையில் ஒரு வேகத்தடை உண்டு. அதைக் கடக்கும்போது காரின் அடிவயிறு கறகறவென்று உரசியது. ஷாக் அப்சார்பர் அடிமட்டம் வரை போய் இடித்தது.

“இவ்வளவு உயரமாக ஏன் படுத்திருக்கிறாய்?” என்று அது கத்தியது.

“என்னிடம் கோபித்துக்கொண்டு என்ன பயன்?” என்றது வேகத்தடை. “முதலில் நான் இதில் பாதிதான் இருந்தேன். பைக்குகள் பறக்கின்றன, இன்னும் ஏற்றிப் போடுங்கள் என்று பக்கத்தில் நின்று போடவைத்தவர் உன் வண்டியை ஓட்டுகிறாரே, அவர்தான்.”

ஒரு நாளைக்கு நான்கு தடவை அந்தத் தெருவில் போக வர. ஒன்பதாம் நாள் கார் மறுபடியும் ஒர்க்‌ஷாப்பில் நின்றது.

பாய் குனிந்து பார்த்தார். ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய் கோடாக வழிந்திருந்தது. இதன் ஆயுள் முடிந்தது, இதை மாற்றிவிட்டுச் சாம்பல் ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாம், இல்லையென்றால் பழைய ஸ்பிரிங் இங்கேயே பத்திரமாக இருக்கிறது என்று யோசனை சொன்னார்.

“கழட்டுனா லோகு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானுங்க பாய்” என்றார் யுகேந்திரன். அவர் வேறொன்று யோசித்து வைத்திருந்தார். ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் கட்டைகளை வாங்கி வந்திருந்தார். அவற்றைச் செருகினால் வண்டி தூக்கிக்கொள்ளுமாம், எங்கேயும் தட்டாதாம். ஷாக் அப்சார்பர் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்றார்.

பாய் மறுபடியும் ஜாக்கியை எடுத்தார். நான்கு ஸ்பிரிங்குகளிலும் ரப்பரைச் செருகினார். கார் எழுந்து நின்றது. யுகேந்திரன் சுற்றி வந்து பார்த்து, இதுதான் சரியான உயரம் என்று திருப்தியோடு சாவியை வாங்கிக்கொண்டார்.

ரப்பருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பார்த்தாயா, வந்த அன்றைக்கே காரை எவ்வளவு தூக்கிவிட்டேன்!” என்று ஷாக் அப்சார்பரிடம் பீற்றிக்கொண்டது. பிறகு ஒரு சந்தேகம் வந்து கேட்டது. “ஆமாம், இந்த மஞ்சள் ஸ்பிரிங் வருவதற்கு முன்னால் கார் எவ்வளவு உயரம் இருந்தது?”

ஷாக் அப்சார்பரிலிருந்து இன்னொரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்தது.

“இவ்வளவுதான்” என்றது அது.