தீக்கும் சாவுக்கும் மட்டும்

ஜப்பானின் மலையூர்களில் அந்தக் காலத்தில் ஒரு தண்டனை இருந்தது. ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவனோடு யாரும் பேச மாட்டார்கள். அவன் வீட்டில் நோய் என்றாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், பிள்ளை பிறந்தாலும் வாசல் மிதிக்க மாட்டார்கள். இரண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. தீப்பிடித்தாலும் சாவு விழுந்தாலும் ஊரே போகும். அதுவும் இரக்கத்தால் அல்ல. தீ பக்கத்து வீட்டுக்குப் பரவும், பிணம் நாறும்.

தொமேகிச்சி என்ற விவசாயி, ஊர்ப் பொதுக் காட்டில் குறித்த நாளுக்கு முன்பே இரண்டு சுமை விறகு வெட்டிவிட்டான். ஊர் அவனைத் தள்ளி வைத்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் அவன் மனைவி ஓசெனுக்குத் தலைப்பிரசவம்.

முதல் நாள் காலையில் எடுத்த வலி, மறுநாள் மதியமாகியும் தீரவில்லை. தொமேகிச்சி மலைமேல் இருந்த மடத்துக்கு ஓடிவந்து குரு ரியோசெனின் காலில் விழுந்தான்.

மருத்துவச்சியை அழைத்துவரச் சொல்லி, குரு தன் சீடன் தொகுஜுனை ஊருக்குள் அனுப்பினார். நாற்பது வயது தொகுஜுன் ஒரு காலத்தில் போர்வீரன். தனியாகவே திரும்பி வந்தான்.

"மருத்துவச்சி ஒதோரா அழுகிறாள், குருவே. வந்தால் அவள் குடும்பத்தையும் தள்ளி வைத்துவிடுவார்களாம்."

"ஊர்த்தலைவர் மொஹெய்?"

"கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான் என்கிறார். புத்தரின் கருணையைப் பற்றி அவரிடம் எடுத்துச் சொன்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்சம் நீளமாகத்தான்." தொகுஜுனுக்கு வெட்கமாக இருந்தது. "குருவே, கருணை பெரிதா, கட்டுப்பாடு பெரிதா?"

குரு எழுந்தார். தன் வைக்கோல் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ போய் மடத்து மணியை விடாமல் அடி."

"அது தீ மணி ஆயிற்றே. எங்கே தீ?"

"நான் கீழே போய்ச் சேருவதற்குள் அடித்துவிடாதே."

மணி கேட்டதும் ஊர் வாளிகளோடு ஓடிவந்தது. தொமேகிச்சி வீட்டு முற்றத்தில், பனிக்கு நடுவே, பாய் எரிந்துகொண்டிருந்தது. குரு பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

மொஹெய்க்குக் கோபம் வந்தது. "என்ன சுவாமி இது?"

"தீ."

"ஒரு வாளித் தண்ணீர் போதும் இதை அணைக்க."

"போதும். அணைக்கும்வரை ஊரார் இங்கே இருக்கலாம் அல்லவா?"

"இருக்கலாம். கட்டுப்பாடு அப்படித்தான்."

உள்ளே ஓசென் அலறினாள். பிறகு அலறக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். யாரும் வாளியைத் தூக்கவில்லை. ஒதோரா தன் வாளியைக் கீழே வைத்தாள், மொஹெயைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மொஹெய் அவளைப் பார்க்காதவர் போலத் தீயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நேரம் போனது. மணியடித்து முடித்துவிட்டுத் தொகுஜுனும் வந்து சேர்ந்தான். பாய் எரிந்து, ஓரம் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. எல்லோரும் அந்த ஓரத்தையே பார்த்தார்கள். குருவிடம் வேறு வைக்கோல் இல்லை.

மொஹெய் தான் போட்டிருந்த வைக்கோல் மேலங்கியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைத் தீயில் போட்டார்.

"இது போதுமா, சுவாமி?"

"குழந்தை அழுகிறவரைக்கும் எரிந்தால் போதும்."