ஒச்சம்மாளின் கண்

காக்கைக்கும் கம்பத்துக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒருநாள் காலையில் அரியநாச்சி ஓடைக்கரையில் குந்திப் பிள்ளைத்துணி அலசிக்கொண்டிருந்தாள். கை அலசிக்கொண்டிருந்ததே தவிர மனசு அங்கே இல்லை. மறுநாள் அவள் பிள்ளைக்கு முகங்காட்டு.

அந்த ஊரில் தெருமுக்குக்கு ஒரு கம்பம் நின்றது. உச்சியில் ஒரு கண்ணாடிக் கண். அதற்குக் கீழே தகரத்தில் ஒரு வாய். அந்தக் கண்ணைத்தான் விழியாண்டவர் என்று ஊரே கும்பிட்டது. கம்பங்களைத் துடைத்து, பூப்போட்டு, கம்பி இழுத்துக் கட்டுகிறவர்கள் கம்பத்தார்கள். அவர்கள் மலைமேல் இருந்தார்கள். ஆண்டவர் சொன்னதைக் கம்பத்தார் செய்தார்களா, கம்பத்தார் நினைத்ததை ஆண்டவர் சொன்னாரா என்று கேட்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

பிள்ளை பிறந்து மூன்று மாதம் முடிந்ததும் கம்பத்தடிக்குத் தூக்கிப் போய்க் காட்ட வேண்டும். கண் பார்க்கும், வாய் சொல்லும். "வயல்" என்று சொன்னால் பிள்ளை ஊரோடு இருக்கும். "மலை" என்று சொல்லிவிட்டால் ஐந்து வயதில் மேலே கொண்டுபோய்விடுவார்கள். மலைக்குள்ளே பொந்து பொந்தாக இருக்குமாம். அதில் ஊர்ந்துபோய்க் கம்பி இழுக்கச் சின்ன உடம்புதான் தோதுப்படுமாம். போன பிள்ளை ஒன்றும் திரும்பி வந்ததில்லை. மலை என்று சொன்ன அன்றைக்கே பெற்றவளுக்கு ஒரு மாலை போட்டு, கொடுத்து வைத்தவள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அரியநாச்சி ஒரு மாலை வாங்கியவள். மூத்தவள் பேச்சி போய் வருஷம் ஒன்றாகிவிட்டது. அன்றைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு. இப்போது மரத்தடித் தூளியில் கைக்குழந்தை சோணை தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஏடி, துணி கிழியப் போகுது. யாரை நினைச்சு அப்படிக் கும்முறே?"

அடுத்த வீட்டு ஒச்சம்மாள். அரியநாச்சிக்கு மதினி முறை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவள் பின்னாலேயே ஒரு காக்கை தத்தித் தத்தி வந்தது.

"ஒண்ணுமில்ல மதினி."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு இப்படிச் செவந்து கிடக்கு? நாளைக்குத்தானே முகங்காட்டு? தெரியும். அதுக்குத்தான் வந்தேன்." காக்கையைப் பார்த்துத் திரும்பினாள். "ஏ, போன வாரம் எங்கிட்டே பீத்திக்கிட்டியே, அதை இவகிட்டே சொல்லு."

"சோத்தை வை, சொல்றேன்" என்றது காக்கை.

"தின்னுட்டுத்தானேடா வந்தே! சொல்லித் தொலை."

காக்கை இறகை ஒருதரம் சிலுப்பிக்கொண்டது. "ஆடு போனா அந்தக் கம்பம் 'ஆடு'ங்குது. ஆளு போனா பேரைச் சொல்லிக் கூப்பிடுது. நான் அது மண்டை மேலேயே உட்கார்ந்து எச்சம் போட்டாலும் 'முகம் இல்லை, முகம் இல்லை'ன்னு புலம்புது. எனக்குக் கண்ணு எது மூக்கு எதுன்னு அதுக்குப் பிடிபடலே. எல்லாம் ஒரே கரி."

"ரொம்பத்தான் அழகு" என்றாள் ஒச்சம்மாள். அரியநாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒச்சம்மாள் அவள் பக்கத்தில் குந்திக் குரலைத் தாழ்த்தினாள். "மூணு நாளா நானே கரியை வச்சுக்கிட்டுக் கம்பம் கம்பமாப் போய் நின்னேன். நெத்தியில வச்சேன், பேரைச் சொல்லிருச்சு. ரெண்டு கன்னத்துலயும் வச்சேன், அப்பவும் சொல்லிருச்சு. ஒத்தைக் கன்னத்துல மட்டும் பெரிசா வச்சேன் பாரு, முழி முழின்னு முழிச்சுது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுபோல இருந்தாத்தான்டி அதுக்கு முகம்."

"ஊருல யாரும் கேக்கலையா மதினி?"

"கேப்பாங்க! பிள்ளை இல்லாதவளுக்குப் புத்தி கழண்டுபோச்சுன்னு ஒதுங்கிப் போயிட்டாங்க. நமக்கு அது ஒரு வசதி."

மூன்று தடவை "முகம் இல்லை" என்று கண் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை ஆண்டவருக்கு வேண்டாத பிள்ளை. கம்பத்தார் பிள்ளைகளுக்கு அளக்கும் கோயில் அரிசி அதற்குக் கிடையாது. மலையும் கிடையாது. அரிசி கிடைக்காவிட்டால் போகிறது, தன் வயிற்றைக் கட்டியாவது சோணையை வளர்த்துவிடலாம் என்று அரியநாச்சிக்கு இருந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வசம்பைச் சுட்டு, விளக்கெண்ணெய் விட்டு உரசி, சிரட்டையில் மை வழித்தார்கள். மறுநாள் விடிந்ததும் ஒச்சம்மாளே பிள்ளையை மடியில் போட்டு, இடது கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, கையெடுக்க மனசில்லாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடாதே. கேட்டா, விளையாட்டுக்கு வச்சேன்னு சொல்லு."

கம்பத்தடியில் ஊர் கூடியிருந்தது. பெரிய கம்பத்தார் வெள்ளை வேட்டியும் கழுத்தில் செம்புக்கம்பிச் சரமுமாக நின்றார். அரியநாச்சி பிள்ளையை உயர்த்திப் பிடித்தாள். கண் சிவப்பாக மின்னியது.

"முகம் இல்லை" என்றது தகரவாய்.

கூட்டம் சலசலத்தது. கம்பத்தார் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். துடைத்தார்கள்.

"முகம் இல்லை."

இன்னும் ஒரே ஒரு தரம். அதற்குள் கம்பத்தார் கிட்டே வந்து குனிந்து பிள்ளையைப் பார்த்தார்.

"கன்னத்தில என்ன ஆத்தா அது?"

விளையாட்டுக்கு வச்சேன் சாமி என்று சொல்ல வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஆண்டவர் கண்ணுக்கு மறைக்கவா வச்சே?" குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் ஆண்டவருக்கு ஒளித்தவளை என்ன செய்வார்கள் என்று ஊருக்கே தெரியும். தாயும் பிள்ளையும் அன்றைக்கே மலை.

அரியநாச்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். கூட்டத்தில் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தரமும் தப்பிவிடுவான் என்ற சந்தோஷத்தில் ஒச்சம்மாளின் இரண்டு கண்ணும் அகல விரிந்து, இமைக்காமல் அவன்மேல் இருந்தன.

நாலு பேர் நடுவில் பேசத் தெரியாத அரியநாச்சிக்கு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய் திறந்தது.

"ஆண்டவர் கண்ணுக்கு இல்ல சாமி. அந்த மதினி கண்ணுக்கு. பிள்ளை இல்லாதவ... எப்பப் பார்த்தாலும் இவனையே பார்த்துக்கிட்டு இருக்கா. பயந்துக்கிட்டு வச்சேன்."

கம்பம் வந்த நாளிலிருந்துதான் பிள்ளைகள் இளைக்கின்றன, மாடு பால் சுரக்க மாட்டேனென்கிறது என்று பெண்கள் முணுமுணுப்பது கம்பத்தார் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "உங்க பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சே, எந்தக் கண்ணால வந்துச்சு? உங்க மாடு பால் வத்திப்போச்சே, எந்தக் கண்ணால? ஆண்டவர் மேல பழி போட்டீங்க. கண்ணு உங்க தெருவுலயே இருந்திருக்கு!"

தாய்மார் எல்லாரும் முந்தானையை இழுத்துப் பிள்ளைகளை மூடினார்கள். ஒச்சம்மாளைச் சுற்றி இடம் காலியாகிக்கொண்டே போனது.

"ஏம்மா, நீ பிள்ளையைப் பார்த்தது உண்மையா?" என்று கேட்டார் கம்பத்தார்.

ஒரு சொல் சொன்னால் போதும், அரியநாச்சி மலைக்குப் போய்விடுவாள். ஒச்சம்மாள் அவளை ஒருதரம் பார்த்தாள்.

"பார்த்தேன். அதுக்கென்ன? பார்க்கிற மாதிரித்தானே இருக்கான்."

அவ்வளவுதான். ஒரு கல் வந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் ஊர் எல்லைப் பக்கம் நடந்தாள். புருஷன்காரன்கூடக் கூப்பிடவில்லை.

கம்பத்தார் அரியநாச்சி பக்கம் திரும்பினார். "இனி என்ன பயம் ஆத்தா? அதான் அவ போயிட்டாளே" என்று சொல்லிக்கொண்டே, துண்டின் நுனியால் சோணையின் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை. மிச்சம் மீதி இல்லாமல் துடைத்துவிட்டு, அவரே பிள்ளையை வாங்கி உயர்த்திக் காட்டினார்.

"முகம் உண்டு" என்றது தகரவாய். "மலை."

மாலை வந்தது. கம்பத்தார் அதை அவள் கழுத்தில் போட்டுவிட்டு, பிள்ளையையும் கையில் கொடுத்தார். "வீட்டுக்குப் போனதும் திரும்ப மை வச்சிரு. அஞ்சு வயசு வரைக்கும் கண்டவ கண்ணும் படாம பார்த்துக்க. ஆண்டவரோட பிள்ளை, பழுதாகக் கூடாது."

ஐந்து வருஷம் அவள் தவறாமல் மை வைத்தாள். ஆறாவது வருஷம் சோணை இல்லை.

அதற்குள் பொட்டு இல்லாத பிள்ளையே ஊரில் கிடையாது. முகங்காட்டு அன்றைக்கு மட்டும் துடைத்துவிடுவார்கள். மை உரச நல்ல கைப்பக்குவம் அரியநாச்சிக்குத்தான் என்று எல்லாரும் அவளிடமே வந்தார்கள். ஒருநாள் புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு சின்னப்பெண் வந்து, "இந்த மையை முதல்ல யாரு அத்தை கண்டுபிடிச்சது? அந்தப் பொல்லாத கண்ணுக்காரிக்குப் பயந்து நீங்கதானாமே?" என்று கேட்டாள்.

அரியநாச்சியின் கை கல்லில் நின்றுபோனது.

"இல்லடி. அவ கண்ணு... அவதான்டி இதை முதமுதல்ல... நான் அன்னிக்குக் கம்பத்தடியில நின்னுக்கிட்டு..."

"ஏ அரியநாச்சி! மலையிலிருந்து ஆள் வந்திருக்கு, பக்கத்து ஊருகளுக்குக் கொடுக்க இன்னும் ரெண்டு சிரட்டை மை வேணுமாம், வா வெரசா!" என்று தெருவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்குப் பிடித்த பயம்தான். பிள்ளை பெற்றவள், பிள்ளை இல்லாதவள் எதிரே வந்தால் இன்றைக்கும் முந்தானையை இழுத்து மூடுகிறாள். கன்னத்தில் மையும் வைக்கிறாள். தலைக்கு மேலே இருக்கிற கண்ணை மட்டும் ஒருத்தியும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.