கத்தி வேண்டாத காணாப்படை

முன்னொரு காலத்தில் கொறுக்கைநாடு என்றொரு நாட்டை மாவழுதி என்ற ராசா ஆண்டுவந்தார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. அவர் சொல்லை நம்பி உலை வைக்க முடியாது.

நாடு முழுக்க யானையையே மறைக்கும் உயரத்துக்கு நாணல். அதற்குத் தோதாக ராசா ஒரு காணாப்படை வைத்திருந்தார். குதிரைக் குளம்புக்குப் பஞ்சுத்துணி, வீரனுக்கு நாணல் நிறச் சட்டை, கையில் முந்நூறு அடி எய்யும் வில். அவர்கள் வருவது காக்கைக்குக்கூடத் தெரியாது. அவர்களுக்குச் சேணமும் இடுப்புக் கத்திக்கு உறையும் தைத்தவள் குருவம்மா. அவளுடைய ஒரே மகன் உடையானும் அந்தப் படையில்தான் இருந்தான்.

வீரர்கள் எதற்கெடுத்தாலும் குருவம்மாவிடம் யோசனை கேட்டது படைத்தலைவரான தளவாய் சங்கரலிங்கத்துக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் ராசாவின் காதில் மெல்ல ஓதினார். எதிரியைத் தூரத்திலேயே எய்துவிடுகிறோம், பிறகு கத்தி எதற்கு? வீண் கனம். வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் இன்னும் நாலு அம்பு வைக்கலாமே என்றார். ராசாவுக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் படை எல்லைக்குப் போகுமுன் வீரர்களின் இடுப்புக்கச்சையிலிருந்து உறைகளையெல்லாம் அறுத்தெடுக்கும்படி குருவம்மாவுக்கு உத்தரவு போனது.

அவள் அறுக்கவில்லை. நேரே சபைக்கு வந்து நின்றாள். ராசாவிடம் பயம் இல்லாமல் இல்லை. பிள்ளையை வெறும் இடுப்போடு அனுப்பும் பயம் அதைவிடப் பெரிது.

"அறுக்க மாட்டேன், மகாராசா," என்றாள்.

தலை போகும் பேச்சு என்று தளவாய் எச்சரித்தார்.

"போனாப் போகட்டும் ஐயா. பக்கத்து நாட்டுக்காரனும் காணாப்படை கட்டிட்டான். நம்மளை அவன் பார்க்க மாட்டான், அவனை நாம பார்க்க மாட்டோம். அப்போ ரெண்டு பேரும் மூக்கோடு மூக்கு இடிச்சுத்தானே சந்திப்பாங்க?" பிறகு ராசாவின் பக்கம் திரும்பினாள். "போன வருசம் நம்ம ஆளுங்களே எதிரின்னு நினைச்சு உங்க தாய்மாமன் தலைப்பாகையை எய்துட்டாங்க. எந்த நாட்டு ஆளுன்னு காட்டுற நெத்திக்குறி தெரியாம அம்பு விடக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? நெத்தி தெரியணும்னா கிட்டத்தானே போகணும்?"

ராசாவுக்குக் கோபம் வந்தது, கூடவே வேடிக்கை பார்க்கும் ஆசையும் வந்தது. அரண்மனைக்குப் பின்னால் இருந்த நாணற்காட்டில் இருவரும் மோத வேண்டும் என்றார். தளவாய்க்கு வில்லும், முனையில் மஞ்சள் தோய்த்த துணி சுற்றிய அம்பும். குருவம்மாவுக்குக் கரி பூசிய மரக்கத்தி. யார் மேல் முதலில் கறை படுகிறதோ அவருக்குத் தோல்வி. குருவம்மா தோற்றால் அவள் தலை போகும்.

இருவரும் நாணல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு எதிரெதிர் ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்தார்கள். மாடத்தில் நின்ற ராசாவுக்கு ஒருவரும் தெரியவில்லை. தளவாய் கழுத்தை நீட்டித் தூரத்தையே பார்த்தபடி நடந்தார். நாணல் விலகியது, ஒரு முழத்தில் குருவம்மா நின்றாள். வில்லைத் தூக்கினார், அது நாணலில் சிக்கிக்கொண்டது. இழுத்து விடுவிப்பதற்குள் அவர் வயிற்றில் குறுக்கே கரிக்கோடு விழுந்துவிட்டது.

மூச்சிரைக்க மாடத்துக்கு ஓடிவந்தார். "இதெல்லாம் போரா, மன்னா? அவ்வளவு கிட்டத்தில் வில்லை வைத்து என்ன செய்ய? என் இடுப்பிலும் ஒரு கத்தி இருந்திருந்தால் இவளை..."

பாதியில் நிறுத்திவிட்டார். சபை மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராசா பொத்திக்கொள்ளவில்லை.

உறைகள் அப்படியே இருக்கும் என்றும், இனி ஆயுதசாலையில் குருவம்மா வைத்ததே சட்டம் என்றும் ராசா அறிவித்தார். அத்தோடு விடவில்லை. "தளவாய், நாளை நீரும் எல்லைக்குப் போகிறீர். உம்முடைய யோசனைப்படியே, கத்தி இல்லாமல்."

தளவாயின் கை தானாகவே வெறும் இடுப்பைத் தடவிப் பார்த்தது. குருவம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தாள்.

"அதுக்கும் ஒப்ப மாட்டேன், மகாராசா. இவரைப் பெத்தவளும் ஒருத்தி இருப்பா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இவருக்கும் ஒரு உறை தைச்சுக் குடுத்துடுறேன்."

ஒரே நாளில் இரண்டு முறை உத்தரவை மீறியவளை ராசா என்ன செய்வார்? தோல் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.